அம்மன் பேனரும் எங்கள் தகரக் கூரையும்

இந்தக் கதையை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே எனக்குத் தயக்கம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது, மில்லை மூடியது, நான் பூ கட்டி விற்க ஆரம்பித்தது எல்லாவற்றையும் இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் கை நிற்கவில்லை. இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

இரண்டு பக்கமும் பயம். சாமி பக்தி உள்ளவர்கள் படித்தால், "அம்மன் படத்தை இப்படியா வைப்பார்கள்?" என்று மனம் நோவார்கள். பக்தி இல்லாதவர்கள் படித்தால், "ஒரு பேனருக்கு இத்தனை கூத்தா?" என்று சிரிப்பார்கள். எட்டாவது வரைக்கும் படித்த நான் யாருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்பு பெரிய மார்க்கெட்டில் பூ எடுக்கப் போயிருந்தபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மா எனக்கே இந்தக் கதையைச் சொன்னார். நடந்தது என் வீட்டில்தான் என்று அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் சொன்னதில் பாதி நடக்கவே இல்லை. இனிச் சும்மா இருப்பது சரியில்லை என்று, வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மேஜைக்கு அடியில் மருமகள்

அது ஒரு புரட்டாசி மாதத்து மத்தியானம். நான் தரையில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மருமகள் பவித்ரா மூலையில் கம்ப்யூட்டர் முன்னால், காதில் அந்தக் கருப்பு மாட்டியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. தகரக் கூரை வீட்டில் இருப்பவர்களுக்கு அது எப்படி வரும் என்று தெரியும். முதலில் யாரோ ஒரு பிடி புளியங்கொட்டையை எறிந்த மாதிரி இருக்கும். அடுத்த நொடி ஜல்லி லாரியே கவிழ்ந்துவிடும். பேத்தி எழுந்து அலறினாள். அவள் வாய் திறந்திருந்தது தெரிந்ததே தவிர சத்தம் எனக்கு வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் பவித்ராவைக் காணவில்லை. மேஜைக்கு அடியில் குந்திக்கொண்டு, கட்டில் மேல் கிடந்த ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்தியிருந்தாள். ஜமக்காளம் அசைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

மழை விட்டபோது வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. பொட்டு கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

சென்னையிலிருந்து அவளுடைய மேடம் போன் செய்தார். நல்ல மாதிரிதான், திட்டுகிறவர் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். பிரான்சிலிருந்து பேசியவர் காதில் இரைச்சல் தாங்காமல் போனை வைத்துவிட்டாராம். இது மழைக்காலத்தின் ஆரம்பம்தானே, தீபாவளி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் சரியாகாவிட்டால் சென்னை ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டும் என்றார்.

சென்னை என்றால் லேடீஸ் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். குழந்தை அப்போதுதான் பால் மறந்திருந்தது.

அன்றைக்குப் பவித்ரா சாப்பிடவில்லை. "மழைய யாரு அத்தை நிறுத்த முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குப் பிரெஞ்சு வந்த விதம்

பவித்ராவின் அம்மா வழித் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டுக் கூடத்தில் விளையாடியே இவளுக்குப் பாதி பாஷை வந்துவிட்டது. மீதியைக் காலேஜில் படித்தாள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும், சொல்தா வீட்டுப் பெண் தகரக் கொட்டாயில் எத்தனை நாள் தாங்குவாள் என்று கேட்டார்கள்.

அவள் தாங்கினாள். வேலையும் தேடிக்கொண்டாள். பிரான்சில் போனிலேயே சாமான் விற்கிற ஒரு கடை. வாங்கினவர்களுக்குப் பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது என்றால் இவளிடம் பேசுவார்கள். அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு உச்சி வெயில்.

ஒரு தடவை ஓர் அம்மா ரொம்ப நேரம் கோபமாகப் பேசினாளாம். என்ன என்று கேட்டேன். "ஹீட்டர் இன்னும் வரல, வீட்ல குளிரு தாங்கல, உங்களுக்கு மனுஷத்தன்மையே இல்லியான்னு கேக்கறாங்க அத்தை" என்றாள். இவளுக்கோ கழுத்தில் ஈரத்துண்டு, காலுக்கடியில் தண்ணீர் பேசின். அந்த நிலையில் அவள் குளிருக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நான் பெருமையாகவே சொல்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைச் சமாதானம் செய்கிற பெண் என் மருமகள்.

ஷீட் போட்ட பெருமை

இந்தத் தகரத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. அதற்கு முன்னால் கீற்றுக் கூரைதான். ஒரு புயலில் அது கதிர்காமம் ரோட்டுப் பக்கம் பறந்து போனது. நாங்கள் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தோம். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பாடுபட்டு ஷீட் போட்டார். அன்றைக்கு அது வெயிலில் மின்னியதைத் தெருவே வந்து பார்த்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியவள் நான்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை தறி ஓடிய மில்லில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. எங்களுக்கெல்லாம் மழைச் சத்தம் தலையிடி. அவருக்கு மட்டும் சுகம். "மில்லு ஓடற மாதிரி இருக்குது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அம்மை போட்ட சித்திரை

வெயில் சங்கதி வேறு. அதை முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மன்.

என் மகன் குமரன் சின்னப் பையனாக இருந்தபோது, ஷீட் போட்ட மறு சித்திரையில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. மேலே தகரம் காய்கிறது, கீழே பிள்ளை காய்கிறது. கூரை மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றினது ஆவியாகி உள்ளேயே இறங்கியது. அவன் முனகினான். நான் அம்மனை வேண்டிக்கொண்டு, வாசலில் கட்டக் கொண்டுவந்த வேப்பந்தழை மிச்சம் கிடந்ததே என்று, அதைக் கூரை மேல் பரப்பச் சொன்னேன். தழை தகரத்தில் ஒட்டாமல் கொஞ்சம் எழும்பி நின்றது. நடுவில் காற்று புகுந்தது. சாயங்காலத்துக்குள் வீட்டுச் சூடு இறங்கிவிட்டது. பிள்ளை அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

வெயில் தகரத்தைத் தொடக் கூடாது, தொட்டாலும் அந்தச் சூட்டுக்கு வெளியே போக வழி வேண்டும். அன்றைக்கு நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். தழை காய்ந்து கொட்டிப்போனாலும் இது மனதில் நின்றது.

பவித்ரா வேலைக்குச் சேர்ந்த கோடையில் அதைத்தான் செய்தோம். குமரன் தகரத்தைத் தேய்த்துக் கழுவி, கூரைக்கென்றே விற்கிற வெள்ளைப் பெயிண்டை இரண்டு கை அடித்தான். மேற்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் கூரையின் உச்சிக்குக் கீழே துளை போட்டு வலை வைத்தான், சூடான காற்று வெளியே போக.

எதிர்வீட்டு மாடியில் இருக்கிற தனம் மறுநாளே ஜன்னலில் நின்றாள். "ஏன்டி செங்கேணி, உன் வூட்டுக் கூரை என் கண்ணக் குத்துது. நான் உள்ள கருப்புக் கண்ணாடி போட்டுக்கினு சோறு ஆக்கணுமா?" என்றாள். செங்கேணி நான்தான். அவளுக்கு ஒரு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தேன்.

ஆடி முடிந்ததும் உள்ளே ஒரு சீலிங் கட்டினார்கள். கோயில் பந்தல் பிரித்தபோது வேண்டாம் என்று போட்ட பேனர் ஷீட்டை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். அதைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அதன் மேலே தேங்காய் நாரை உதிரியாகப் பரப்பினார்கள். கீழேயிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. வீடு குளிர்ந்துவிட்டது. கரண்ட் போனாலும் உட்கார முடிந்தது. நாங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் புரட்டாசி மழை வந்து மருமகளை மேஜைக்கடியில் தள்ளியது.

சூட்டுக்கு வழி தெரிந்திருந்தது. சத்தத்துக்குத் தெரியவில்லை.

கூரையில் இரண்டு கண்

மேடம் பேசிய சில நாளுக்குப் பிறகு ஒரு சாயங்காலம். பவித்ரா வேலையில் இருந்தாள். நான் பேத்தியோடு பாயில் படுத்திருந்தேன். குழந்தை மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே கை காட்டியது.

"ஆயா, சாமி."

பார்த்தேன். மேற்குத் துளை வழியாக வந்த வெயில் பேனரின் மேல் விழுந்து கீழே கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நார் சரிந்து விலகியிருந்தது. வெள்ளையில் மங்கலாக இரண்டு கண். நடுவில் குங்குமம். மூக்குத்தி வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கம். எங்கள் தெரு அம்மன்.

நான் எழுந்து கைகூப்பிவிட்டேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் அவள் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். வெயில் இறங்கியதும் முகமும் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கோயில் பேனர். ஆடித் திருவிழாவுக்குப் பையன்கள் வைத்தது. படம் மேல் பக்கம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமா, தெரிஞ்சிதான் வச்சேன். மூஞ்சி கீழ பாத்தா நம்ம கவுச்சி துன்றது, படுக்கறது எல்லாத்தயும் அவ பாத்துக்கினு இருக்கணும். அதான் மேல பாத்தாப்புல வச்சேன்."

"மேல பாக்க வச்சிட்டு, அவ மூஞ்சி மேலயே நாரக் கொட்டியிருக்கியேய்யா" என்றேன்.

"என்னா?"

"மூஞ்சி மேல நாரு."

"யாரு?"

அவர் காதில் விழுவதற்காக நான் கத்தினேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தெருவுக்கு நன்றாகக் கேட்டது. தனம் ஜன்னலைத் திறந்தாள். அம்மன் எங்கள் கூரையில் காட்சி கொடுத்தாள் என்கிற பேச்சு பிறந்தது அங்கேதான். நான் கத்தியது ஒன்று, தெரு கேட்டது வேறு.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேனரைப் பிரித்து எடுக்க வேண்டும் என்றேன். குமரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ம்மா, மழ எப்ப வேணா பிடிச்சிக்கும். இவ வேல ஊசலாடிக்கினு இருக்குது. இப்பப் போயி இருக்கற சீலிங்கயும் பிரிக்கச் சொல்றியே."

அவன் சொன்னதும் நியாயம்தான். மருமகளின் வேலையா, அம்மனின் முகமா என்று என்னைக் கேட்காமல் கேட்டான். அம்மனைக் கூரையில் வைத்துக்கொண்டு அவளிடமே மருமகளுக்காக எப்படி வேண்டிக்கொள்வது?

பவித்ராதான் பேசினாள்.

"பிரிச்சிடுங்க. அது சூட்ட நிறுத்துச்சி, சத்தத்த நிறுத்தலியே. அத வச்சிக்கினாலும் நான் சென்னைக்குத்தான் போவணும். அத்தை இப்படி நெஞ்சப் புடிச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருந்தா எனக்குப் பிரெஞ்சும் வராது, தமிழும் வராது."

பம்பைக்காரர் கை

பேனரைப் பிரித்து, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, உருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அங்கே யாரோ வேண்டுதலுக்குப் பொங்கல் வைத்திருந்தார்கள். பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. காது கிழிகிற அடி. பூசாரி என்னைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்பதற்காகப் பம்பைக்காரரிடம் கை காட்டினார்.

பம்பைக்காரர் உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்தார். அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த சத்தம் அறுந்து நின்றது. மறு கையில் இருந்த குச்சி அடித்த வேகத்தில் இன்னும் ஓர் அடி அடித்தது. அந்த அடி பொத்தென்று விழுந்தது, ஓசையே இல்லை.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி மறுபடி கேட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். அழுதும்விட்டேன். அவர் பேனரை விரித்துப் பார்த்தார்.

"நாருல அவளுக்கு மூச்சு முட்டும்னு நெனச்சியா செங்கேணி? எடம் மாறிப் போச்சி, எடுத்துக்கினு வந்துட்ட. சரியாப் போச்சி. இதுக்கு ஏன் அழற?"

உள்ளே சுவரில் அதை மாட்டச் சொன்னார். நான் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். கும்பிடும்போதும் என் கண் பம்பைக்காரர் கையின் மேல்தான் இருந்தது. அம்மன் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வேகமாக நடந்தேன். தகரம்தான் தோல். மழைதான் குச்சி. நாங்கள் நாரைப் பேனர் மேல் போட்டிருந்தோம், தகரத்திலிருந்து ஒரு முழம் கீழே. தோலைத் தொடாத கை சத்தத்தை எப்படி நிறுத்தும்? கை தோலில் அழுந்த வேண்டும்.

குமரன் முதலில் நம்பவில்லை. பவித்ரா நம்பினாள். மெத்தைக் கடையில் கழித்துப் போட்ட நார் மெத்தைத் துண்டுகள் கிடைத்தன, ரப்பர் பால் விட்டு இறுக்கினது. என் வீட்டுக்காரரும் மகனும் அவற்றைப் பசை தடவித் தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டி, விழாமல் குறுக்கே மூங்கில் பட்டை கொடுத்து இறுக்கினார்கள். கரண்ட் ஒயர் எதுவும் நாரில் படாமல் தனிக் குழாயில் போனது. முதலில் பாதிக் கூரைக்கு மட்டும்தான் செய்தோம். சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமே.

மழையோ வரவில்லை. சோதித்துப் பார்க்க மழைக்கு எங்கே போவது? தனத்திடம்தான் போனேன். அவள் மாடியிலிருந்து ஹோஸ் பைப்பில் எங்கள் கூரை மேல் தண்ணீர் அடிக்கச் சொன்னேன்.

"வெயில் காலத்துல கண்ணக் குத்துனீங்க. இப்ப மழையும் என் வூட்லேர்ந்துதான் வேணுமா?" என்றாள். ஆனால் பைப்பை எடுத்துக்கொண்டு முதலில் ஏறியவள் அவள்தான்.

உள்ளே பவித்ரா காதில் மாட்டியோடு நின்றாள். தண்ணீர் வெறும் தகரத்தில் விழுந்தபோது முகத்தைச் சுளித்தாள். தனம் பைப்பை மறு பாதிக்குத் திருப்பினாள். பவித்ரா அப்படியே நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா, நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

தனம் நிறுத்தவில்லை. தண்ணீர் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டுதான் இருந்தது, ஈர மண்ணில் விழுகிற மாதிரி.

மீதிக் கூரையையும் முடித்தார்கள். அதற்குக் கீழே, காற்று போக இடம் விட்டு, பேனருக்குப் பதில் கோரைப்பாய் கட்டினோம். பச்சையும் சிவப்பும் கோடு போட்ட பாய். வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கச் சமையல் கொட்டகையின் தகரத்தை மட்டும் என் வீட்டுக்காரர் தொடவிடவில்லை. "அது எனக்கு இருக்கட்டும்" என்றார்.

ஐப்பசி

தீபாவளிக்கு முந்தின வாரம். மத்தியானத்திலிருந்தே இருட்டிக்கொண்டு வந்தது. பவித்ரா வேலையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மேடமே அவள் பேசுவதைக் கூட இருந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். நான் பூக்கூடையோடு உட்கார்ந்தேன். வாய்க்குள் அம்மன் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. குமரன் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசாதே பேசாதே என்று அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் குழந்தையை உள்ளே தூக்கி வந்து கதவைச் சாத்தினான், தெருவில் வண்டிச் சத்தம் என்று.

பவித்ரா பேசினாள். நிறுத்தினாள். மறுபடி பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவள் குரல் உயரவில்லை என்பது புரிந்தது. கோயிலில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் பேசினாள். எனக்கு முழம் முழமாகப் பூ நீண்டுகொண்டே போனது. மழை எப்போது வருமோ என்று மேலே மேலே பார்த்துக்கொண்டேன். குளிர் காற்று துளை வழியாக இறங்கியது. கூரையில் தூரத்தில் யாரோ நெல் புடைப்பது போல ஒரு சத்தம். மழை வரப் போகிறது என்று நினைத்தேன்.

கொட்டகைப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். தோளில் ஒரு மூட்டைத் துணி, அதுவும் சொட்டியது.

அவருக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்கு என்னவோ, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்து சொன்னார்.

"உள்ள இன்னா பண்றீங்க எல்லாரும்? மழ எவ்ளோ நேரமாக் கொட்டுது. கொடியில கிடந்த துணி அத்தனயும் போச்சி. மொளகா காய வச்சிருந்தியே, அது ரோட்ல மிதந்துக்கினு போவுது."

நான் கதவை ஓர் இடுக்கு மட்டும் திறந்து பார்த்தேன். தெரு தெரியவில்லை. வெள்ளையாகத் திரை போட்ட மாதிரி மழை. தனம் வீட்டு ஜன்னல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வருஷத்துக்கு வாங்கின மிளகாய் சிவப்புச் சிவப்பாக வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் காது சரியாக இருக்கிற இத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம். மழை வந்தது கொட்டகையில் உட்கார்ந்திருந்த அந்தக் காது கேட்காத மனுஷனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். பவித்ரா காதிலிருந்து மாட்டியை எடுத்து, மேடம் பேசுவதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

மேடம் கேட்டார்: "பவித்ரா, இங்க சென்னைல பயங்கர மழை. எங்களுக்கே ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கல. பாண்டில மழை இல்லியா?"

"கொட்டுது மேடம்" என்றாள் பவித்ரா.



"அப்ப நீ அங்கயே உக்காரு" என்றார் மேடம்.

குமரன் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டான். என் வீட்டுக்காரர், "என்னா சொன்னாங்க? என்னா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஈரத் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த வருஷம் முழுக்க மிளகாயைக் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினோம். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கேட்டுக்கொள்வது

அடுத்த ஆடி முடிந்ததும் எங்கள் கோயில் பந்தலில் பேனருக்கு அடிதடி ஆகிவிட்டது. அம்மன் படம் போட்ட பேனரைக் கூரையில் வைத்தால் மழைச் சத்தம் கேட்காதாம். முகம் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். மார்க்கெட்டில் அந்த அம்மா சொன்னதும் அதுதான். அதோடு அம்மன் கூரையிலிருந்து பேசினாள் என்றும் சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக் கூரையில் அம்மன் பேசவில்லை. பேசியவள் என் மருமகள்.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தகர வீட்டில் பிள்ளை குட்டியோடு வேகிறவர்கள், மழைக்குக் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்கள். மேலே வெள்ளை அடித்ததையும், உச்சியில் துளை விட்டதையும், நார் தகரத்தில் அழுந்த வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பேனரை வைத்தது தவறு, எடுத்த பிறகுதான் வழி தெரிந்தது என்பதையும் விடாதீர்கள். அன்றைக்குக் கோயிலில் அந்த நேரத்தில் என்னைக் கொண்டு போய் நிறுத்தியவள் அம்மன்தான் என்று நான் நம்புகிறேன். அது என் நம்பிக்கை, நான் சொன்னதாகவே அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் அற்புதம் ஒன்றும் சேர்க்க வேண்டாம். கேட்கிறவர் அற்புதத்தை எடுத்துக்கொண்டு நாரை விட்டுவிடுவார். அடுத்த மழையில் அவர் வீட்டுப் பெண் மேஜைக்கடியில் குந்தியிருப்பாள்.